ரீட்டா லெவி மோன்டல்சினியின் ஆராய்ச்சி வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவில் நரம்புகள் எப்படி உருவாகின்றன என்று பேச ஆரம்பித்தால் ரீட்டா லெவி மோன்டல்சினியைத் தொடாமல் முடிக்க முடியாது. பெயரைச் சொன்னதுமே கேள்விகள் வரும். மாணவர்கள், நண்பர்கள், நோபல் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு விசாரித்தவர்கள் எனப் பலரும் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒன்றிரண்டு கேள்விகள் என்னைத் திரும்பவும் படிக்க உட்கார வைத்தன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

1909 ஏப்ரல் 22 அன்று இத்தாலியின் தூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து, நரம்பு மண்டலம் கருவில் எப்படி உருவாகிறது என்பதை ஆராய்ந்தவர். நரம்பு செல்களை வாழவும் வளரவும் வைக்கும் ஒரு புரதத்தை 1950களில் அமெரிக்காவில் கண்டறிந்தார். அதன் பெயர் நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப். அதற்காக 1986இல் ஸ்டான்லி கோஹனுடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2012 டிசம்பர் 30 அன்று ரோமில் 103 வயதில் காலமானார். நூறு வயதைத் தொட்ட முதல் நோபல் பரிசாளர் இவர்தான்.

வளர்ச்சிக் காரணி என்றால் செடிக்கு உரம் போடுகிற மாதிரியா?

பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. உரம் போட்டால் செடி செழிக்கும், போடாவிட்டால் கொஞ்சம் நோஞ்சானாக வளரும். இங்கே கதை வேறு. குறிப்பிட்ட சில வகை நரம்பு செல்களுக்குக் குறிப்பிட்ட நாட்களில் இந்தப் புரதம் கிடைக்காவிட்டால் அவை செத்துப்போகும். ‘வளர்ச்சி’ என்பதைவிட ‘பிழைப்பு’ என்ற சொல்தான் விஷயத்துக்குப் பக்கத்தில் வருகிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதுதான் அடிப்படை.

அவர் பெயரிலும் லெவி, ஆசிரியர் பெயரிலும் லெவி. உறவினர்களா?

இல்லை. ஜுசெப்பே லெவி தூரின் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர், ரீட்டாவுக்கு உறவில்லை. ஆனால் அவரிடம் படித்த மூன்று மாணவர்கள் பிற்காலத்தில் நோபல் வாங்கினார்கள்: சால்வடோர் லூரியா (1969), ரெனாட்டோ டல்பெக்கோ (1975), ரீட்டா (1986). நரம்பு செல்களை வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் வித்தையை ரீட்டா இவரிடம்தான் கற்றார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பயிற்சி கைகொடுத்தது.

ரீட்டாவின் அப்பா அதாமோ லெவி மின்பொறியாளர். பெண்கள் தொழிலுக்குப் போவது குடும்ப வாழ்க்கையைக் கெடுக்கும் என்று நம்பியவர். மகள் விடாமல் கேட்டதால் கடைசியில் சம்மதித்தார். இரட்டையாகப் பிறந்த சகோதரி பாவோலா ஓவியரானார், ரீட்டா 1936இல் மருத்துவரானார்.

படுக்கையறையில் ஆய்வுக்கூடம் வைத்தார் என்கிறார்களே, நிஜமா? அல்லது பிறகு கட்டிய கதையா?

நிஜம். 1938இல் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்து, யூதர்களைப் பல்கலைக்கழக வேலைகளிலிருந்து வெளியேற்றியது. ரீட்டா சில காலம் பிரஸ்ஸல்ஸில் ஒரு நரம்பியல் நிறுவனத்தில் இருந்துவிட்டு, ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைவதற்கு முன் தூரின் திரும்பினார். வெளியே வேலை செய்ய வழியில்லை என்று ஆனதும் தன் அறையிலேயே ஆய்வைத் தொடங்கினார். ஒரு நுண்ணோக்கி, முட்டைகளை அடைகாக்கும் வெப்பப் பெட்டி, கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் இடுக்கி, தீட்டிக் கூராக்கிய தையல் ஊசிகள் ஆகியவைதான் கருவிகள். பெல்ஜியத்திலிருந்து தப்பி வந்த ஜுசெப்பே லெவி அந்தச் சின்ன அறையில் தன் மாணவிக்கே உதவியாளராக வந்து சேர்ந்தார்.

குண்டுவீச்சு அதிகமானபோது குடும்பம் கிராமத்துக்குப் போனது, ஆய்வும் கூடவே போனது. முட்டைக்குத் தட்டுப்பாடு. சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய், பிள்ளைகளுக்கு வேண்டும் என்று சொல்லி முட்டை வாங்கினார். கருவை எடுத்த பிறகு மிச்சமிருந்ததை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். 1943 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் இத்தாலியைப் பிடித்ததும் குடும்பம் ஃபுளோரன்ஸில் தலைமறைவாக வாழ்ந்தது. நகரம் விடுபட்ட பிறகு அகதிகள் முகாமில் மருத்துவராக வேலை பார்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பகுதியோடு கதையை நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். துணிச்சலைப் பாராட்டிவிட்டு, அந்த அறையில் அவர் பார்த்தது என்ன என்பதைச் சொல்லாமல் போவது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை என்று நினைக்கிறேன்.

அது ஏன் கோழி முட்டை?

குஞ்சு பொரிக்க 21 நாள். அதற்குள் ஒரு முதுகெலும்பியின் உடல் முழுவதும் நம் கண்ணெதிரே உருவாகிறது. ஓட்டில் சின்னதாகச் சன்னல் வெட்டி, கருவில் அறுவை செய்து, திரும்ப மூடினால் கரு தொடர்ந்து வளரும். தாயின் வயிற்றுக்குள் வளரும் பாலூட்டிக் கருவில் இதை எளிதாகச் செய்ய முடியாது. செலவும் குறைவு. போர்க்காலத்தில், வேலை இல்லாத ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான உயிரி கிடைத்திருக்காது.

சரி, அந்த அறையில் அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?

இதற்கு விக்டர் ஹாம்பர்கரிலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பேமானிடம் பயின்ற கருவியலாளர் அவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலை இழந்து அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். கோழிக்கருவில் சிறகு, கால் ஆகப்போகும் மொட்டு ஒன்றை வெட்டி எடுத்துவிட்டால், அந்தப் பக்கத்து முதுகுத்தண்டிலும் நரம்பு முடிச்சுகளிலும் நரம்பு செல்கள் குறைந்துபோகின்றன என்று 1934இல் எழுதினார். (நரம்பு முடிச்சு என்பது தண்டுவடத்தின் ஓரமாக நரம்பு செல்கள் கூட்டமாக இருக்கும் இடம்.) காரணம் என்ன? உறுப்பிலிருந்து ஒரு சமிக்ஞை வந்து, இன்னும் எதுவாகவும் ஆகாத செல்களை ‘நீ நரம்பு செல்லாகு’ என்று ஆள் சேர்க்கிறது, உறுப்பு இல்லாவிட்டால் ஆள் சேர்ப்பும் இல்லை என்பது அவர் விளக்கம்.

ரீட்டா இந்தக் கட்டுரையை 1940 கோடையில் ஒரு ரயில் பெட்டியின் தரையில் உட்கார்ந்து படித்தார். அதே சோதனையைத் தன் அறையில் செய்தார். ஆனால் அறுவைக்குப் பல நாள் கழித்து மட்டும் பார்க்காமல், இடைப்பட்ட ஒவ்வொரு கட்டத்துக் கருவையும் எடுத்து, வெட்டி, வெள்ளிச் சாயமேற்றி, செல்களை எண்ணினார். அப்போது வேறொரு காட்சி தெரிந்தது. மொட்டு இல்லாத பக்கத்திலும் நரம்பு செல்கள் வழக்கம்போலவே உருவாகின்றன. இழைகளை நீட்டத் தொடங்குகின்றன. இழைகள் வெட்டுப்பட்ட இடத்தை எட்டும் சமயத்தில்தான் செல்கள் சாகின்றன. அதாவது, உறுப்பு அவற்றை உண்டாக்குவது இல்லை, உண்டானவற்றைப் பிழைக்க வைக்கிறது.

கடைசி நாளில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ‘உருவாகவே இல்லை’ என்பதும் ‘உருவாகிச் செத்தது’ என்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும். நடுவில் வரும் நாட்களைப் பார்த்தால்தான் வேறுபாடு புரியும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஹாம்பர்கருடைய விளக்கத்தையே மறுத்துவிட்டாரே. அப்புறம் எப்படி அவர் கூடவே வேலை செய்தார்?

இத்தாலியில் யூதர்கள் எழுதியதை வெளியிட முடியாததால், கட்டுரைகள் பெல்ஜிய இதழில் வந்தன. அதை ஹாம்பர்கர் படித்தார். தன் விளக்கம் மறுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, 1946இல் எழுதியவரையே செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வரச்சொன்னார். ரீட்டா 1947இல் சில மாதங்கள் இருந்துவிட்டு வரலாம் என்று போனார். முப்பது ஆண்டுகள் அங்கேயே வேலை செய்தார்.

இருவரும் சேர்ந்து சோதனையைத் திரும்பச் செய்து 1949இல் வெளியிட்டார்கள். ரீட்டாவின் விளக்கமே சரி என்று முடிந்தது. அதோடு, எந்த அறுவையும் செய்யாத கருவிலும் ஏராளமான நரம்பு செல்கள் இயல்பாகவே சாகின்றன என்பதும் அந்தக் கட்டுரையில் உண்டு. உடல் தேவைக்கு அதிகமாக நரம்பு செல்களைப் படைத்து, பிறகு கழித்துக்கட்டுகிறது என்ற எண்ணம் அன்றைக்குப் பலருக்கும் புதிது. தன் கருத்து தவறு என்று காட்டியவரை அழைத்து, கூடவே உட்கார்ந்து சரிபார்த்த ஹாம்பர்கரின் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

புற்றுக்கட்டிக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

ஹாம்பர்கரின் பழைய மாணவர் எல்மர் பியூக்கர், சார்கோமா 180 என்ற எலிக் கட்டியின் துண்டைக் கோழிக்கருவில் ஒட்டவைத்துப் பார்த்தார். வேகமாக வளரும் திசு ஒன்று சிறகு, கால் மொட்டு மாதிரி நரம்புகளை ஈர்க்குமா என்பதுதான் அவர் கேள்வி. உணர்வு நரம்புகள் கட்டிக்குள் புகுந்தன என்று 1948இல் எழுதினார். ரீட்டா அதைத் திரும்பச் செய்தபோது இன்னும் பெரிய விஷயம் தெரிந்தது. இதயத் துடிப்பு, ரத்தக்குழாய்ச் சுருக்கம் போன்றவற்றை நாம் நினைக்காமலேயே கவனித்துக்கொள்ளும் பரிவு நரம்புகள் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, ரத்தக்குழாய்களுக்குள்ளேயே நுழைந்திருந்தன.

அடுத்த சோதனை அழகானது. கட்டியைக் கருவின் உடலில் ஒட்டாமல், கருவைச் சூழ்ந்த வெளிச்சவ்வில் வைத்தார். கட்டிக்கும் நரம்புகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, ரத்த ஓட்டம் மட்டுமே பொது. அப்போதும் நரம்பு முடிச்சுகள் பெருத்தன. ஆக, கட்டி ஏதோ ஒரு கரையும் பொருளை வெளியிடுகிறது என்று உறுதியானது.

எலியைப் பையில் வைத்து விமானத்தில் கொண்டுபோனாராமே?

ஆமாம். அந்தப் பொருள் என்னவென்று பிரிக்க, கருவில் செய்யும் சோதனை மெதுவானது. கண்ணாடித் தட்டில் திசு வளர்க்கும் வசதி வேண்டும். ஜுசெப்பே லெவியின் கூடத்தில் முன்பு வேலை பார்த்த ஹெர்தா மேயர், ரியோ டி ஜெனிரோவில் அப்படியொரு கூடம் நடத்திக்கொண்டிருந்தார். 1952இல் உடலில் அந்தப் புற்றுக்கட்டி உள்ள இரண்டு எலிகளோடு ரீட்டா அங்கே போனார்.

கோழிக்கருவின் நரம்பு முடிச்சு ஒன்றை எலிக் கட்டியின் துண்டுக்கு அருகில் வைத்தால், ஒரே நாளில் முடிச்சைச் சுற்றி இழைகள் சூரியக் கதிர்போலக் கிளம்பின. வாரக்கணக்கில் காத்திருந்து செய்த சோதனை 24 மணி நேரச் சோதனையானது. எலிப் பயணத்தைவிட இதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் திரவத்தில் அந்தப் பொருள் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வேகமாகச் சோதிக்க வழி பிறந்ததால்தான் வேதியியல் வேலையே தொடங்க முடிந்தது.

நடுவில் பாம்பு விஷம் எப்படி வந்தது?

1953இல் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் ஹாம்பர்கரின் துறைக்கு வந்தார். கட்டியிலிருந்து பிரித்த சாற்றில் புரதமும் இருந்தது, நியூக்ளிக் அமிலமும் (டி.என்.ஏ, ஆர்.என்.ஏ வகைப் பொருள்) இருந்தது. எது வேலை செய்கிறது? நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி பாம்பு விஷத்தில் உண்டு, அதைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். விளைவு மறைந்தால் அது நியூக்ளிக் அமிலம், மறையாவிட்டால் புரதம்.

மறையவில்லை. முடிச்சைச் சுற்றிய இழைகளின் ஒளிவட்டம் முன்பைவிட அடர்த்தியாக வந்தது. கட்டியே இல்லாமல் விஷத்தை மட்டும் சேர்த்தாலும் இழைகள் கிளம்பின. விஷத்திலேயே அந்தப் பொருள் கட்டியில் இருப்பதைவிட மிக அதிகமாக இருந்திருக்கிறது! விஷச் சுரப்பிக்கு நிகரானது பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பி என்று யோசித்த கோஹன், ஆண் எலியின் தாடைக்குக் கீழுள்ள சுரப்பியைச் சோதித்தார். அதிலும் கொட்டிக் கிடந்தது. அதிலிருந்துதான் என்.ஜி.எஃப் சுத்தமாகப் பிரிக்கப்பட்டது. 118 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் சங்கிலி வரிசை 1971இல் வெளியானது.

தட்டில் இழை வளர்ந்தது சரி. உடம்புக்கு அது தேவை என்பதற்கு என்ன ஆதாரம்?

சரியான சந்தேகம். ஒரு பொருளைக் கொடுத்தால் ஒன்று நடக்கிறது என்பது வேறு, அது இல்லாமல் முடியாது என்பது வேறு. இரண்டாவதைக் காட்ட, என்.ஜி.எஃப்பைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளை முயலில் உண்டாக்கி, பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். குட்டிகள் உயிரோடுதான் வளர்ந்தன, ஆனால் அவற்றின் பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய காணாமல் போயின. 1960 வாக்கில் வந்த இந்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை முழு ஆராய்ச்சியிலும் மிக வலுவான சான்று.

எச்சில் சுரப்பியில் ‘கொட்டிக் கிடந்தது’ என்றீர்கள். அப்படியானால் ‘உறுப்பு தரும் பொருள்தான் நரம்பு செல்லைப் பிழைக்க வைக்கிறது’ என்ற கதை இடிக்கவில்லையா?

இடிக்கத்தான் செய்தது. அதனாலேயே என்.ஜி.எஃப் ஏதோ ஒரு விசித்திரப் பொருள் என்று பலர் நீண்டகாலம் ஒதுக்கிவைத்தார்கள். பாம்பு விஷத்திலும் ஆண் எலியின் எச்சிலிலும் இருக்கும் ஒன்றுக்குக் கரு வளர்ச்சியில் என்ன வேலை என்று கேட்டார்கள்.

பதில் மெதுவாக வந்தது. நரம்பிழையின் முனை என்.ஜி.எஃப்பை உறிஞ்சி, இழை வழியே பின்னோக்கி செல்லின் உடலுக்குக் கொண்டுபோகிறது என்று 1970களில் காட்டினார்கள். நரம்பு போய்ச் சேரும் உறுப்புகளும் இதைத் தயாரிக்கின்றன, ஆனால் மிக மிகச் சொற்ப அளவில் என்பது 1980களில் நுட்பமான அளவீடுகள் வந்த பிறகே தெரிந்தது. அந்தச் சொற்பம்தான் சூட்சுமம். எல்லோருக்கும் போதும் என்றிருந்தால் யாரும் சாக மாட்டார்கள். கொஞ்சமாகக் கிடைப்பதால்தான் சரியான இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்த செல்கள் பிழைக்கின்றன. சுரப்பியில் கிடைத்தது பிரித்தெடுக்க உதவிய அதிர்ஷ்டம், அவ்வளவே.

நோபல் பரிசில் ஹாம்பர்கர் ஏன் இல்லை?

நோபல் குழு ‘வளர்ச்சிக் காரணிகளின் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பிட்டு, ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் கொடுத்தது. கோஹன் இதற்கிடையே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய், இன்னொரு காரணியையும் கண்டறிந்திருந்தார். உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை ஊசி போட்ட எலிக்குட்டிகள் வழக்கத்துக்கு முன்பே கண் திறந்ததைக் கவனித்து அவர் பிரித்த அந்தப் பொருள்தான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. தலைப்பு இப்படி அமைந்தால் ஹாம்பர்கர் வெளியே நிற்கிறார்.

தலைப்பு ‘நரம்பு செல்களின் பிழைப்பை உறுப்பு தீர்மானிக்கிறது’ என்று இருந்திருந்தால் அவர் முதல் பெயராக வந்திருப்பார். கேள்வியை எழுப்பியவர், முட்டையில் அறுவை செய்யும் முறையை வகுத்தவர், மற்ற இருவரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தவர் அவர். 1983இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்விட்ஸ் பரிசு மூவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அந்தத் தேர்வுதான் நியாயமானது என்பது என் கருத்து. ஆனால் இதை வைத்து ரீட்டாவின் பங்கைக் குறைத்துப் பேசுபவர்களோடு நான் உடன்பட மாட்டேன். கட்டிச் சோதனையின் பொருளைப் புரிந்துகொண்டதும், கரையும் பொருள் என்று நிறுவியதும், தட்டுச் சோதனையும் அவருடையவை.

என்.ஜி.எஃப் கிடைக்காத செல் பட்டினியால் சாகிறதா, தன்னைத்தானே கொன்றுகொள்கிறதா?

ரொம்ப நாள் பட்டினி என்றே நினைத்தார்கள். 1988இல் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, என்.ஜி.எஃப்பை நிறுத்திவிட்டு, கூடவே செல் புதிய புரதம் செய்வதையும் மருந்தால் தடுத்தது. பட்டினி என்றால் இன்னும் சீக்கிரம் செத்திருக்க வேண்டும். ஆனால் செல்கள் பிழைத்தன! சாவதற்கே செல் புதிதாகப் புரதங்களைச் செய்ய வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். சாகும் திட்டம் செல்லுக்குள்ளேயே தயாராக இருக்கிறது, உறுப்பிலிருந்து வரும் புரதம் அதைத் தடுத்து வைக்கிறது. தூரின் படுக்கையறையில் ரீட்டா எண்ணிய சாவுகள் இந்த வகைதான்.

மூளையிலுள்ள எல்லா நரம்பு செல்லுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. என்.ஜி.எஃப்பை நம்பி வாழ்பவை முக்கியமாகப் பரிவு நரம்புகளும், வலியையும் வெப்பத்தையும் உணரும் சில உணர்வு நரம்புகளும். மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளால் செய்தி கடத்தும் செல்களின் ஒரு குறிப்பிட்ட கூட்டமும் அதற்கு இணங்குகிறது. தசைகளை இயக்கும் செல்களுக்கு வேறு காரணிகள் வேண்டும். இவ்ஸ் அலேன் பார்டும் ஹான்ஸ் தோனனும் 1982இல் பன்றி மூளையிலிருந்து பி.டி.என்.எஃப் என்ற உறவுக்காரப் புரதத்தைப் பிரித்தார்கள். அதன் பிறகு அது ஒரு குடும்பம் என்று தெரிந்தது.

இதை வைத்து மருந்து ஏதாவது வந்ததா?

வந்தது, எதிர்பார்த்த வழியில் அல்ல. அல்சைமர் நோயில் மேலே சொன்ன அசிட்டைல்கோலின் செல்கள் நலிவதால், மூளைக்குள் என்.ஜி.எஃப் செலுத்திப் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு வலியும் எடைக்குறைவும் வந்ததே தவிர, நிலையான பலன் கிடைக்கவில்லை. வளர்ந்த உடலில் என்.ஜி.எஃப் வலியைத் தூண்டும் பொருளும்கூட. செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணு பழுதானவர்கள் வலியே தெரியாமல் பிறக்கிறார்கள் என்று 1996இல் தெரிந்தது.

அதனால் யோசனை தலைகீழானது: என்.ஜி.எஃப்பைத் தடுத்தால் வலி குறையுமா? குறைந்தது. ஆனால் மூட்டுவலிக்காக மனிதர்களிடம் சோதித்த டனெசுமாப் என்ற எதிர்ப்பொருள், சிலருக்கு மூட்டையே வேகமாகச் சிதைத்ததால் கைவிடப்பட்டது. நாய்க்கும் பூனைக்கும் அதே வகை மருந்துகள் அனுமதி பெற்றிருக்கின்றன. மனிதர்களுக்கு என்.ஜி.எஃப்பே மருந்தானது கண்ணில். கருவிழியின் உணர்வு நரம்பு செயலிழந்து ஆறாத புண் வருபவர்களுக்கு, ஆய்வகத்தில் தயாரித்த மனித என்.ஜி.எஃப் சொட்டுமருந்தை ஐரோப்பா 2017இலும் அமெரிக்கா 2018இலும் அனுமதித்தன.

நோபலுக்குப் பிறகு ஓய்வெடுத்துக்கொண்டாரா?

இல்லை. 1960களின் தொடக்கத்திலிருந்தே ரோமில் ஆய்வுக்குழு அமைத்து இரு நாடுகளுக்கும் போய்வந்துகொண்டிருந்தார். 1977இல் செயின்ட் லூயிஸ் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் முழுமையாக ரோமில் தங்கினார். அதே ஆண்டில் லூயிஜி அலோவேயுடன் சேர்ந்து, ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்களும் என்.ஜி.எஃப்புக்கு இணங்குகின்றன என்று எழுதினார். இந்தப் புரதம் நரம்புக்கு மட்டும் சொந்தமில்லை என்று அதிலிருந்து புரியத் தொடங்கியது. 2001இல் இத்தாலி நாடாளுமன்றத்தில் வாழ்நாள் செனட்டராக நியமிக்கப்பட்டார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு ரோமில் ஐரோப்பிய மூளை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, அதை ஒரு குறையாக அவர் சொன்னதும் இல்லை.

அவர் இல்லாவிட்டாலும் வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்தானே?

புரதத்தை ஒருநாள் யாராவது பிரித்திருப்பார்கள். ஆனால் கருவில் செல்கள் சாவதை அவருக்கு முன்பே சிலர் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, ஏதோ பழுது என்று கடந்துபோனார்கள். பியூக்கரும் கட்டியில் நரம்பு புகுந்ததைப் பார்த்தார், அந்த வேகமான வளர்ச்சிக்கு நரம்பு ஈடுகொடுத்தது என்று முடித்துக்கொண்டார். ரீட்டா இரண்டு இடத்திலும் நுண்ணோக்கியில் பார்த்த அதே கண்ணாடித் துண்டுகளுக்கே திரும்பப் போய், முந்தைய நாள் கருவில் இது எப்படி இருந்தது என்று கேட்டு, அந்தக் கருவையும் வெட்டிப் பார்த்தார்.